நறுக்கு

புகையிலை ஒப்பந்தமாம்.
எந்த ஊர்லயோ கண்ணாடி மேசையில
நூத்துச் சில்லறை நாடு கையெழுத்துப் போட்டாச்சாம்.
நம்மள ஒரு வார்த்தை கேட்டாகளான்னு
சங்கத்து அருள்ஞானம் அண்ணாச்சி
முக்கூடல் பூராவும் மனுவோட அலையுதாரு.
மக்கள்ட்ட ஓட்டு வச்சுக் கேளு,
அப்புறம் ஒப்பந்தத்தைப் பேசு.
கேக்க நல்லாத்தான் இருக்கு.

எனக்குப் பேரு உலகம்மாள்.
உலகத்துல ஒருத்தரும் என்னைய எதுவும் கேட்டதில்ல.
செக்கிங்ல கட்டைப் பிரிச்சு
பத்துப் பீடிய ஒடிச்சுப் போடுதான் கம்பெனிக்காரன்.
கேட்டா ஒடிக்கான்?

முறத்தை மடியில வச்சிட்டு யோசிக்கேன்.
சரி, ஓட்டுன்னே வச்சுக்குவோம்.
பள்ளிக்கூடத்துல பூத்து, வரிசை, விரல்ல மை.
என் விரலு ஏற்கெனவே கறுத்ததுதான், எங்க வைப்பாக?
உள்ள ரெண்டு பொத்தான்.
ஆமா. இல்ல.

'இல்ல'ன்னா
சனிக்கிழமை கூலி வரும்,
மூத்தவ நர்சிங் பீஸு அதுலதான்.
'ஆமா'ன்னா
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில
வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் காட்டினாகளே ஒரு படம்,
எங்க வீட்டுக்காரர் நெஞ்சு,
வலப்பக்கம் பஞ்சு அடைச்ச மாதிரி வெள்ளையா,
அந்தப் படத்துக்குப் போடுத ஓட்டு.
நான் சுத்தினதைத்தான் அவுக குடிச்சாக.
ஒடிச்சது போக மிஞ்சினது. காசு கிடையாது.

இன்னொண்ணும் இருக்கு.
நாடு பூராவும் ஓட்டுன்னா
முக்கூடலுக்கு எத்தனை வரும்?
பீடியக் கண்ணால பாக்காதவன்,
எங்கயோ காட்டுல இலை பறிக்கவ,
பஸ்ல பக்கத்து சீட்டுப் புகையில இருமினவன்,
எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு.
நாங்க தோத்தா
மக்களே சொல்லிட்டாகன்னு ஆயிரும்.
இப்பவாவது சர்க்காரைத் திட்ட முடியுது.

அண்ணாச்சிட்ட இதைச் சொன்னேன்.
"அப்பம் கேக்கவே வேண்டாங்கியா?"
வேண்டாம்னு எப்பச் சொன்னேன்.
கேக்கணும்.
பொத்தானை நீட்டிட்டு நிக்காம
கொஞ்ச நேரம் உக்காந்து கேக்கணும்.

"அதுக்கு இந்தத் தாள்ல எடமில்லம்மா,
கையெழுத்தைப் போடு."
போட்டேன்.
கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி
அடுத்த வீட்டு ஜெயமாரி பேருமேல ஏறிட்டு.

அவரு போன பெறவு
நனைச்ச இலைய எடுத்துத் தகட்டை வச்சேன்.
தகட்டளவுக்கு ஒரு துண்டு, அது கம்பெனிக்கு.
நரம்பும் ஓரமும் கீழ விழும்,
எந்தக் கணக்குலயும் வராது.
நேத்து விழுந்தது மூலையில காஞ்சு கிடந்துச்சு.
கூட்டி அள்ளி அடுப்புக்குள்ள வச்சேன்.
உலை கொதிக்கி.