தேறிய நிறை

சீனன்குடா மா ஆலையின் இரண்டாம் வாசலில்
லொறிகளை நிறுப்பது என் வேலை.
வெறுமையாய் வரும்போது ஒருமுறை,
மூட்டைகளோடு போகும்போது ஒருமுறை.
பெரியதில் சிறியது போக மிஞ்சுவதற்குத்
துண்டில் ‘தேறிய நிறை’ என்று பெயர்.

நெகிழ்வான படிப்பு என்றது விளம்பரம்.
தகவல் தொழில்நுட்ப முகாமைத்துவத்தில் இளமாணி.
வேலையை விடவேண்டாம், வகுப்புக்கு வரவேண்டாம்,
விரும்பிய நேரம் படிக்கலாம்.
விரும்பிய நேரம் என்று எனக்கு இருந்தது
இரவு ஒன்றே காலுக்கும் இரண்டே முக்காலுக்கும் நடுவில்,
கந்தளாய் லொறிகள் போன பிறகு,
தம்புள்ளை லொறிகள் வருமுன்.

பழைய பாட்டுகளில் பெண்களுக்கு வளை நெகிழும்,
பிரிந்தவனை நினைத்து மெலிந்து.
எனக்கும் நெகிழ்ந்தது.
நான் மெலியவில்லை,
சவர்க்காரம் போட்டுத்தான் கழற்றினேன்.
என்.சி. வீதி அடகுக்கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு,
மூச்சு விட்டாலும் இலக்கம் நடுங்கியது.
ஏழு தசம் ஒன்பது இரண்டு கிராம்.
முதலாம் தவணைக் கட்டணம்.
தொழில்காரியாய் எனக்கு அந்தத் தராசைப் பிடித்திருந்தது.

கட்டணப் பற்றுச்சீட்டை
பஸ் நிலையத்தில் மான் தின்றுவிட்டது.
‘மதிப்புக்குரியீர், எனது பற்றுச்சீட்டை மான்’
என்று தொடங்கி,
அழித்து,
‘தொலைந்துவிட்டது’ என்று அனுப்பினேன்.
வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு
திருகோணமலையை எப்படி விளக்குவது.

குழு ஒப்படைக்குக் கிண்ணியாவிலிருந்து றுஸ்தியா.
பதினான்கு மாதம் முகம் பார்க்காமல்
ஒரே வரைபடத்தில் பெட்டிகளை நகர்த்தினோம்.
அவளுடைய குரல்பதிவுகளில் பின்னால் ஒரு குழந்தை அழும்.
மூன்றாம் ஆண்டில் அதே குழந்தை
‘உம்மா, முதல்ல சேவ் பண்ணுங்க’ என்றது.

தரவுத்தளப் பரீட்சைக்கு அறையைக் கமராவில் காட்டச் சொன்னது.
காட்டினேன்:
தீயணைப்பான், கோணேசர் கலண்டர்,
மா படிந்து வெளுத்த மின்விசிறி,
சிவப்பில் எரியும் பூச்சியம்.
பதினேழாம் கேள்வியில் அந்தப் பூச்சியம் ஓடத் தொடங்கியது.
அட்டவணையில் இல்லாத லொறி.
குலதுங்க யன்னலுக்குள் தலையை நீட்டி
‘நங்கி, துண்டு’ என்றார்.
திரை சொன்னது:
இரண்டாம் நபர் கண்டறியப்பட்டார்.

விளக்கக் கடிதம் எழுதினேன்.
கேள்வி சாவிகளைப் பற்றியது.
அந்த நபருக்குத் தெரிந்த சாவி ஒன்றே ஒன்று,
அது அப்போது லொறியில் இருந்தது.
ஒன்பது நாள் சாப்பாடு இறங்கவில்லை.
பிறகு ஒரு வரி வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது.
அறுபத்தொரு புள்ளி.

இறுதி ஒப்படையாய் நான் எழுதியது
இதே பாலத்தின் மென்பொருளை மாற்றும் திட்டம்.
நாற்பத்திரண்டு பக்கம். ஒரு பிரதி
முகாமையாளர் தயாபரனின் மேசையில் இருக்கிறது,
மேலே அவருடைய தேநீர்க் கோப்பை.

பட்டம் நேற்று மின்னஞ்சலில் வந்தது.
மான் தின்ன முடியாது.
அடகுச்சீட்டு இன்னும் கைப்பையில்.

இன்று அதிகாலை நாலு பத்துக்கு
லொறி ஒன்றும் இல்லாதபோது
பாலத்தின் நடுவில் போய் நின்றேன்,
படிப்பில் சேர்ந்த இரவு நின்ற அதே இடத்தில்.
யன்னல் வழியே இலக்கம் தெரிந்தது.
அன்றும் அறுபது. இன்றும் அறுபது.
இது இருபது இருபதாய்த்தான் எண்ணும்.
பன்னிரண்டாம் பக்கத்தில் அதையும் குறையாய் எழுதியிருக்கிறேன்.

வளைவில் ஒரு வெளிச்சம் திரும்பியது.
இறங்கி உள்ளே வந்தேன்.
வெறும் லொறி.
முதலில் அதன் வெறுமையை நிறுக்கவேண்டும்.