எத்தனை பேர்

"குடும்பத்தில் எத்தனை பேர், மேடம்?"
தாபாதலி ஷோரூமில்
தேநீரை நீட்டியபடி கேட்டான் அந்தப் பையன்.
சட்டைப்பை மேல் பெயர்: நிஷேஷ்.
பதினெட்டு வருடம் வங்கிக் கவுண்டரில்
நோட்டு எண்ணியவள் நான்,
எண்ணிக்கையில் இடறியதில்லை.
"நாலு" என்றேன்.
அதே நொடியில் சுரோத்தம் "மூணு" என்றார்.
செல்போனிலிருந்து தலை தூக்காமல்
"மூணரை" என்றாள் இஸ்தா.

அவன் எழுதிக்கொள்ளவில்லை.
ஐந்து இருக்கை வண்டியின் சாவியை எடுத்தான்.
சாவி என்றால் சாவியில்லை,
தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி ஏதோ.

கிளம்பிவிட்டதா என்றே தெரியவில்லை.
எங்கள் பழைய வண்டி கிளம்பினால்
மூன்றாம் வீட்டுக்காரர் இருமுவார்.
இதுவோ, கட்டிலை விட்டுப் பூனை இறங்குவதுபோல்
சாலையில் இறங்கியது.
சாத்தோபாட்டோ சந்திப்பில்
குறுக்கே படுத்திருந்த நாய்க்கு
நாங்கள் வருவது கேட்கவேயில்லை.
ஹாரன் அடித்தேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

சுரோத்தமின் கேள்விகள் தீரவில்லை.
மழைத்தண்ணீர் எவ்வளவு ஆழம் தாங்கும்?
வேகத்தடையில் அடிவயிறு உரசுமா?
எட்டு வருட உத்தரவாதம், சரி,
ஒன்பதாம் வருடம் யாரைக் கேட்பது?

கோதாவரி தாண்டி லாகுரி பஞ்சியாங் ஏற்றம்.
"இங்கேதான் மிதிக்கணும், மேடம்."
மிதித்தேன்.
முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது.
பையிலிருந்த ஆரஞ்சுகள் பின்னால் உருண்டன.
திரையில் எழுபத்திநாலு
ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று, ஒன்றரை என்று
உதிர்ந்தது.

மின்வெட்டு அட்டவணை
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காலம்.
பெட்டி குளிர்ந்ததே இல்லை, கதவு மட்டும் பயன்பட்டது.
நகரத்தை ஏழு குழுவாகப் பிரித்திருந்தார்கள்,
நாங்கள் மூன்று.
மெழுகுவர்த்தியில் பின்னக்கணக்குப் போட்ட அவிரலுக்கு
முன்முடி பொசுங்கியது ஒருநாள்.
அந்த நாற்றத்தோடே பரீட்சைக்குப் போனான்.
மின்சாரத்தில் மலை ஏறுவோம் என்று
அன்று யாராவது சொல்லியிருந்தால்
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டிருப்பேன்.
"நாங்க குழு அஞ்சு" என்றான் நிஷேஷ்,
கேட்காமலே.

மேலே நிறுத்தினோம்.
இறக்கத்தை சுரோத்தம் ஓட்டுவதாகப் பேச்சு.
ஓட்டுநர் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினார்.
பிறகு உட்கார்ந்து கால் நீட்டினார்.
மிதி எட்டவில்லை.
அவர் ஐந்தடி மூன்று அங்குலம்.
"சார், உங்களுக்கு இவ்வளவு வேணாமே."
"இருக்கட்டும்" என்றார்,
காற்றில் பாதங்களை வைத்துக்கொண்டு.
பின்னால் இஸ்தாவின் முழங்கால் இடித்தது.
எதற்கும் சிணுங்குகிறவள்
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

அவிரல் ஆறடி ஒன்று.
அடிலெய்டில் இரவில் முதியோர் இல்லத்து வேலை,
பகலில் வகுப்பு, நடுவில் எப்போதோ தூக்கம்.
மூன்று தசைனுக்கு
தயிரும் அரிசியும் குங்குமமும் பிசைந்து
செல்போன் திரையில்தான் திலகம் வைத்தோம்.
துடைக்க நேரமாகும். ஸ்பீக்கர் ஓட்டையில் ஒரு பருக்கை
இன்னும் இருக்கிறது.

இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு
மெல்ல இறக்கினார்.
காலை எடுத்தாலே வண்டி தானாய்த் தயங்குகிறது.
தயங்கத் தயங்க மின்சாரம் ஊறுகிறதாம்.
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு ஆனது.
"ஏறினதெல்லாம் திரும்பி வந்துடுமா?" என்றேன்.
"எல்லாம் வராது, மேடம். கொஞ்சம் வரும்."
ஷோரூம் வாசலில் அறுபத்துநாலு.

பெரிய பேட்டரி கட்டுப்படியாகவில்லை.
சின்னதை எடுத்தோம், சாம்பல் நிறம்,
இஸ்தாவுக்குப் பிடிக்காத நிறம்.

இருக்கையின் நினைவுக்கு மூன்று பொத்தான்.
ஒன்று நான். இரண்டு அவர்.
மூன்றாவதை, கடைசிவரை பின்னால் தள்ளி,
வண்டி வந்த அன்றே அவர் பதித்துவிட்டார்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில காலைகளில் விரல் தவறி
மூன்றை அழுத்திவிடுகிறேன்.
தவறி என்றுதான் சொல்லவேண்டும்.
சத்தமில்லாமல் பின்னால் போகிறது இருக்கை.
கால் எட்டாமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.
அப்புறம் ஒன்று.
வங்கிக்குத் தாமதம்தான்.