பல்லில் பிடித்த நுனி

எட்டு நிமிடம் என்றார்கள்.
மண்டபத்தில், மின்விசிறி ஓடுகிற அறையில்,
மீன்வளம் படிக்கும் அறுபது பேருக்கு முன்னால்
பாசி எடுப்பதைச் செய்துகாட்டிப் பேச வேண்டும்.
எட்டு நிமிடத்தில்
குருசடைக்கு வத்தை பாதிகூடப் போகாது.

முதலில் எழுதிப் பார்த்தேன்,
மகனின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து.
அனைவருக்கும் வணக்கம் வரை வந்தது.
கிழித்துவிட்டு
சாமான்களைப் பாயில் பரப்பினேன்:
கண்ணாடி.
காலுக்கு அலுமினியத் தகடு இரண்டு.
சேலைக் கரையில் கிழித்த பத்துத் துணிநாடா.
இடுப்பில் கட்டும் வலைப்பை.
எது முதலில் கைக்கு வருமோ அதுதான் முதல் வரி.
எது கடைசியோ அதுதான் நன்றி வணக்கம்.

இருளாயி அறுபது பேராக உட்கார்ந்தாள்.
மகன் நம்புராசு செல்போனில் நேரம் பிடித்தான்.
முதல் தடவை மூன்றரை நிமிடம்,
அதற்குள் கரையேறிவிட்டேன்.
இரண்டாம் தடவை பதினாறு.
மரிக்கொழுந்துப் பாசி விலை இறங்கிய கதைக்குள் போனவள்
வெளியே வர வழி தெரியவில்லை.

சிக்கல் துணியில்தான் இருந்தது.
இடக்கை விரல்களை வலக்கை கட்டிவிடும்.
வலக்கைக்கு
இடக்கையும் பல்லும்.
பல்லில் நுனி இருக்கும்போது எப்படிப் பேசுவது?
"இஞ்ஞ பாங்ஞ" என்றேன்.
இருளாயி சிரித்துச் சிரித்து
அறுபது பேரும் பாயில் விழுந்தார்கள்.
துப்பிவிட்டுச் சொன்னால் முடிச்சு நழுவுகிறது.
போட்டுவிட்டுச் சொன்னால்
போட்டதை யாரும் பார்க்கவில்லை.
இருபத்திரண்டு வருடமாகக் கட்டுகிறேன்,
கட்டும்போது நான் பேசுவதே இல்லை என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மைக் என் உயரத்துக்கு இல்லை.
எடுத்து மேசையில் படுக்க வைத்தேன்.
மோட்டார் சத்தத்துக்கு மேலே
பேசிப் பழகிய தொண்டை இது.
"என் பேரு நம்புத்தாய், சின்னப்பாலம்."
கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்தேன்.
"இப்படிச் செஞ்சா உள்ள ஆவி பிடிக்காது."
முன்வரிசை கொஞ்சம் பின்னுக்குப் போனது.
தகடு மாட்டி நாலடி நடந்தேன், பலகையில் டங் டங்.
"தண்ணிக்குள்ள இந்தச் சத்தம் கிடையாது."
இப்போது சிரித்தார்கள்.
முழங்கால் உதறல் அந்தச் சத்தத்தில்
யாருக்கும் கேட்டிருக்காது.

"பாறை முதல்ல விரலைத்தான் கேக்கும்.
அதுக்குத் துணியைக் குடுத்துட்டு
பாசியை வாங்கிக்கிறது.
இனிப் பேச மாட்டேன். பாருங்க."

கட்டைவிரல்.
ஆள்காட்டி.
எங்கோ பாலத்தை நோக்கி ரயில் கூவியது.
நடுவிரலில் நாடா நழுவிக் கீழே விழுந்தது.
குனிந்து எடுத்தேன்.
அவசரப்பட்டால் கடலிலும் இதுதான்.
திரும்ப, முதல் சுற்றிலிருந்து.
பேச்சில்லாத அந்த நேரத்தில்
நிமிர்ந்து பார்த்தால்
மூன்றாம் வரிசையில் ஒரு பையன்
தன் கைக்குட்டை நுனியைப் பல்லில் வைத்து
விரலைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.
தப்பாகத்தான் சுற்றினான்.
"உள்பக்கமா" என்று கையால் காட்டினேன்.
மாற்றினான்.

கடைசியில் ஒருவர் எழுந்தார்.
"எவ்வளவு நேரம் மூச்சடக்குவீங்கம்மா?
இங்க ஒருதடவை அடக்கிக் காட்டுங்களேன்."
யோசித்தேன்.
"தண்ணி இல்லாம எனக்கு அடக்கத் தெரியாது சார்."
கைதட்டினார்கள்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒன்பது நிமிடம் இருபது நொடி ஆகியிருந்தது.
விரல்கட்டை அவிழ்க்காமலே பஸ் ஏறினேன்.
"பாம்பன் ஒண்ணு!"
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
அவ்வளவு சத்தமா போட்டேன்?
கண்டக்டர் சில்லறையை
ஒவ்வொன்றாக என் துணிவிரல்களில் வைத்தார்.