நவ்வொத்து

புத்தூரில் கட்டுப் போட்டவர்
பச்சிலைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு
இரண்டே சொல் சொன்னார்:
நவ்வொத்து. தும்மொத்து.
தும்மல் என் கையில் இல்லை.
சிரிக்காமல் இருப்பதோ எனக்குத் தொழில்.
பள்ளிப்பட்டு மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு.
நாய் இருக்கும் வீடுகளுக்குள்
பதினெட்டு வருஷம்
பல் தெரியாமல் போய் வந்திருக்கிறேன்.

மாங்காய் லாரிக்கு ஒதுங்கி
மொபெட்டோடு பள்ளத்தில் இறங்கியதில்
இடப்பக்கம் விலா மூன்று.

லாட்ஜ் கூடத்தில் நான்கு கட்டில், ஒரு டி.வி.
பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை.
முழங்கை, உனக்கு டீ.
கணுக்கால், செருப்பை நகர்த்து.
மூலைக் கட்டிலில் இடுப்பு,
ஒன்பது நாளாய்ச் சுவரைப் பார்த்தே கிடந்தார்.
அவர் மனைவி துளசம்மா மட்டும்
முழுப் பெயரோடு நடமாடினாள்.
அவளுக்கு எதுவும் உடைந்திருக்கவில்லை.

ரிமோட் முழங்கையிடம்.
மத்தியானம் இரண்டு மணிக்கு
இடது கையால் எங்கேயோ அமுக்கி நிறுத்தினான்.
கறுப்பு வெள்ளை.
பேரெல்லாம் ஓடி முடிந்திருந்தது.
வாய் தெலுங்கில் அசைய, குரல் தமிழில் வந்தது.
கூடத்தில் யாருக்கும் அது குறையாகப் படவில்லை,
நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜமீன் பெண் கோட்டு மாட்டி, மீசை ஒட்டி
கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ரயிலேறுகிறாள்.
எதிர் சீட்டில் வேலை போன பத்திரிகைக்காரன்.
ஒரே மாதிரி இரண்டு பெட்டி.
ஒன்றில் நகை, ஒன்றில் கோழி.
இதற்குமேல் கதை சொல்ல
எடுத்தவர்களுக்கே தெம்பில்லை.

ஆனால் விழுந்தார்கள்.
மாடிப்படியில் மாமா, மாமா மேல் தரகர்,
தரகர் மேல் தவிலோடு தவில்காரர்.
விழுந்த கையோடு எழுந்து
தலைப்பாகை தேடினார்கள்,
எலும்பே கண்டுபிடிக்கப்படாத காலம் போல.

கணுக்கால் மொகிலிதான் ஆரம்பித்தான்.
"அது ஆறு வாரம்."
"தரகருக்குத் தோள். மூங்கில் பத்தை வேணும்."
"மாமாவுக்கு ரெண்டு முட்டை வெள்ளைக்கரு போதும்,
கொழுப்பு தாங்கிக்கும்."
பாலை ஆற்றியபடி துளசம்மாகூட,
"அந்த மீசைக்காரப் பொண்ணுக்கு முட்டி போச்சு" என்றாள்.

நான் தாங்கினேன்.
கோழி பறந்து வக்கீல் தலையில் உட்கார்ந்ததையும் தாங்கினேன்.
பின்னால் ஒரு வேலைக்காரன்.
வசனம் கிடையாது, கையில் காபித் தட்டு.
வீடே உருண்டு புரளும்போது
ஓடிவந்த கோழிக்கு
ஒரு காலைத் தூக்கி வழிவிட்டான்.
பிறகு காலை இறக்கினான்.
அவ்வளவுதான்.

வலியும் சிரிப்பும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு
யார் முதலில் போவது என்று நின்றன.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்துக்கு
இடுப்பு திரும்பினார்.
என்னைப் பார்த்துச் சிரித்தார்,
ஐயோ என்றார், மறுபடி சிரித்தார்.
துளசம்மா டம்ளரை வைத்துவிட்டு
இரண்டு கையாலும் அவரை அழுத்திப் பிடித்தாள்,
கால் ஆடும் மேஜையைப் பிடிப்பதுபோல.

கடைசியில் மாலை ஒன்று, கழுத்து இரண்டு.
அவள் கை உயர்ந்தது.
கரண்ட் போனது.
மூன்று கட்டிலும் என்னைப் பார்த்தன.
"இது என் ஸ்டேட் இல்லீங்க" என்றேன்.
மூன்று விலாவும் மறுபடி.

மறுநாள் கட்டை அவிழ்த்தவர்
ஒன்றும் கேட்கவில்லை. முறைத்தார்.

படத்தின் பேர் இன்றுவரை தெரியாது.
அவள் யாரைக் கட்டிக்கொண்டாள்,
வக்கீல் எதற்கு வந்தார்,
கோழி எந்தப் பெட்டியில்,
எல்லாம் போச்சு.
மழைக்கு முந்தின புழுக்கத்தில்
யார் வீட்டு மீட்டர் முன்னாலோ நிற்கையில்
இடப்பக்கம், உள்ளே, ஒருவன்
மெதுவாகக் காலைத் தூக்குகிறான்.