ஏழாம் விடயம்

ஆல்டர் கிரீக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
எல்லா வீட்டு மலக்குழியும் எனக்குத் தெரியும்.
யார் பொரித்த எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றுகிறார்,
எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது,
எந்த வீட்டில் ஆள் குறைந்துபோனது,
குழாயை இறக்கினால் தெரிந்துவிடும்.
வெளியே சொல்வதில்லை. தொழில் அப்படி.

மார்ச்சில் பனி விட்டதும்
புற்றரைகளில் பலகைகள் முளைத்தன:
'ஃப்ரேசர் வயல் விற்பனைக்கல்ல.'
வயல் விற்றாகிவிட்டது என்று
பலகை நட்ட எல்லோருக்கும் தெரியும்.
விற்ற க்ளென் ஃப்ரேசரும்
ஒரு பலகை வாங்கிப்போனான்,
வெட்கமோ, வியாபாரமோ.

நானூற்றுப் பதினாறு வீடுகள் வருமாம்,
தோளோடு தோள் ஒட்டி, மூன்று மாடி.
வரைபடத்தில் மரங்கள் இப்போதே வளர்ந்துவிட்டன.
பலூன் பிடித்த குழந்தையின் நிழல்
தெற்கே விழுகிறது,
ஒன்ராறியோவில் சூரியன் வடக்கே நிற்பதுபோல.

கையெழுத்துத் தாளோடு மர்லீன் வந்தாள்.
பெயர், முகவரி, இங்கே எத்தனை வருடம்.
எனக்கு மேலே ஒர்வில்: அறுபத்தொன்று.
நான் நாலு என்று எழுதிவிட்டு
அரையையும் சேர்த்தேன்.
பேனையைத் திருப்பி வாங்கும்போது சொன்னாள்:
"எந்த மாதிரி ஆட்கள் வருவார்களோ."
சொன்ன பிறகு என்னைப் பார்த்தாள்.
பிறகு என் சப்பாத்தைப் பார்த்தாள்.
"உன்னைச் சொல்லவில்லை, டாயா."

தெரியும், மர்லீன்.
ஸ்கார்பரோவில் ஒரு நிலவறையில் ஏழு பேர்.
இருந்த ஒரு ஜன்னலையும்
பக்கத்து வீட்டுக் கார்ச்சில்லு மறைக்கும்.
அந்த மாதிரி ஆட்கள்.
இந்த வரைபடத்தை அன்றைக்குக் காட்டியிருந்தால்
நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றா பார்த்திருப்பேன்?
முன்பணத்துக்கு ஓடியிருப்பேன்.

ஆனாலும் கையெழுத்தை வெட்டவில்லை.
ஃப்ரேசர் வயல் களி.
சாம்பல் நிறம், ஈரச் சவர்க்காரம் மாதிரி.
குழி தோண்டித் தண்ணீர் விட்டுவிட்டு
தேத்தண்ணி குடித்து,
தொலைபேசியில் மனைவியோடு சண்டை பிடித்து,
சமாதானமும் ஆகித் திரும்பி வந்தால்
விட்ட தண்ணீர் விட்டபடி நிற்கும்.
அவர்களுடைய பொறியியலாளர் ஆகஸ்ட்டில் அளந்திருக்கிறார்.
ஆகஸ்ட்டில் எந்த மண்ணும் நல்ல மண்.

தீயணைப்பு நிலையத்தில் கூட்டம்.
வண்டிகளை வெளியே விட்டு
மடக்குக் கதிரைகள் போட்டிருந்தார்கள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஒருத்தி புல்வெளிக் குருவிகளுக்காக அழுதாள்.
ஒர்வில் இரண்டு நிமிடம் தொண்டையைச் செருமி
"என் கிணறு" என்றார்,
சிவப்பு விளக்கு எரிந்தது.

என் முறைக்கு நான் ஒரு பூச்சாடி கொண்டுபோனேன்.
அடியில் ஓட்டை, உள்ளே ஃப்ரேசர் களி, கீழே தட்டு.
"காலை ஏழு மணிக்கு ஊற்றிய தண்ணீர். இப்போது எட்டு, இரவு."
தட்டை உறுப்பினர்களிடம் கொடுத்தேன்.
ஒரு அம்மா விரலால் தடவி
விரலைப் பார்த்தார். தூசி.
"நானூற்றுப் பதினாறு குடும்பம் குளித்த தண்ணீர்
எங்கே போகும்? என்னிடம் ஒரு லொறிதான் இருக்கிறது."

சிரிப்பு. கைதட்டல்.
மஞ்சள் விளக்கு.

"வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மணல்.
நகரத்துக் குழாய் அதுவரை வந்துவிட்டது.
அங்கே கட்டுங்கள். மலிவாகக் கட்டுங்கள்."

கைதட்டல் பாதியில் நின்றது.
அந்தப் பக்கத்தில்தான் மர்லீனின் வீடு.

ஐந்துக்கு நாலு. ஒத்திவைப்பு.
ஏப்ரல் ஈரத்தில் மறுபடி அளக்க வேண்டும்,
செலவு அவர்களுடையது.
வெளியே யாரோ என் முதுகில் தட்டினார்கள்,
யாரோ தட்டவில்லை.

வியாழன் மர்லீன் வீட்டில் வேலை.
வழக்கமாக வரும் கோப்பி வரவில்லை.
காசோலை கதவில் செருகியிருந்தது,
என் பெயரை முதல்தரம் முழுதாய்,
எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.

திங்கள் நகரசபை எழுதுநர் அழைத்தார்:
"ஏழாம் விடயம், உங்கள் சாடி,
இன்னும் மேசையில் இருக்கிறது. எறியலாமா?"
தட்டைப் பாருங்கள் என்றேன்.
கதிரை நகரும் சத்தம்.
"காய்ந்திருக்கு."
அப்ப இருக்கட்டும் என்றேன்.