கொம்பும் காலும்

அணைக்கரை ஆபீஸுக்கு வந்த பழைய பெட்டியில்
லினக்ஸ்தான் ஏறும், விண்டோஸ் மூச்சு வாங்கும்.
லைசென்சுக்குப் பணம் கேட்டு எழுதிய கடிதம்
தஞ்சாவூரில் ஏதோ மேஜையில் இருக்கிறது இன்னும்.
எனக்கு அதில் வருத்தமில்லை.
மணிக்கொரு வரி:
நீர்மட்டம், கன அடி, குறிப்பு.
இதற்கு ஒரு எடிட்டர் போதும்.
எது என்பதில்தான் மூன்று மாதம் போயிற்று.

சவரிராஜ் விம் கட்சி.
மவுஸைத் தொட்டால் கை கழுவுவார்.
"ஐ-யை அமுக்காமல் ஒரு எழுத்தும் ஏறாது,
ஷட்டரைத் தூக்காமல் தண்ணி வருமா?" என்பார்.
முதல் நாள் உள்ளே போனேன்.
வெளியே வரும் வழி தெரியாமல்
பிளக்கைப் பிடுங்கினேன்.
அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

மெஹருன்னிசாவுக்கு நானோ.
"பஸ் போர்டு மாதிரி கீழயே எழுதியிருக்கு,
படி, ஏறு, இறங்கு. இதுக்கு எதுக்கு மந்திரம்?"

ஒரு ஞாயிறு ஈமாக்ஸையும் இறக்கிப் பார்த்தேன்.
காலண்டர் இருந்தது, கடிதம் இருந்தது,
விளையாட்டுகூட இருந்தது.
கல்யாண வீட்டுச் சமையல்கட்டில்
ஒரு டம்ளர் மோர் கேட்டுப் போனவளாய்
நின்றுவிட்டுத் திரும்பினேன்.

என் பரீட்சை ஒரே சொல்.
எந்த எடிட்டரைத் திறந்தாலும்
முதலில் அடிப்பது: கொள்ளிடம்.
கறுப்புத் திரையில்
க ஒரு பக்கம் நிற்கும்,
கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையும்,
கால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.
கால் பிரிவது இந்த ஊருக்குப் புதிதில்லை.
முக்கொம்பில் ஆறு பிரியலாம்,
முக்கொம்பு என்ற சொல்லே பிரிந்தால்?
கர்சர் நிற்கும் இடம் ஒன்று,
அழியும் எழுத்து வேறு.

ஜன்னல் வைத்த எடிட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை.
ஆனால் ராத்திரி கும்பகோணத்திலிருந்து
உள்ளே எட்டிப் பார்ப்பவர்களுக்குக்
கறுப்புத் திரை மட்டும்தான் கதவு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஒன்றரை லட்சம் கன அடி போய்க்கொண்டிருந்தது.
இரண்டு மணி வரியை அடித்து முடித்தேன்.
சேமிக்கும் முன் கரண்ட் போயிற்று,
யு.பி.எஸ். ஒரு தரம் விக்கி அடங்கிற்று.
அன்றைக்கு விம்மில் இருந்தது
சவரிராஜிடம் தோற்கக் கூடாதென்ற வீம்பு மட்டுமே.
இருட்டில் எண்ணை உள்ளங்கையில் எழுதினேன்.
மழையில் அதுவும் கரைந்தது.

மூன்றேகாலுக்கு விளக்கு வந்தது.
கோப்பைத் திறந்தால்,
நான் சேமிக்காததையெல்லாம்
பக்கத்தில் மறைவாய் இன்னொரு கோப்பில்
வாங்கி வைத்திருக்கிறது.
மீட்கவா என்று கேட்கிறது.
காவிரி கொள்ளாததைக் கொள்ள ஓர் இடம்.
வெளியே அதன் சத்தம்
கண்ணாடியை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து விம்தான்.
பிடித்துப்போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
எஸ்கேப்புக்குப் பிறகும் விசை தமிழிலேயே இருந்தால்
எந்தக் கட்டளையும் காதில் விழாது அதற்கு.
கொள்ளிடம் இன்றைக்கும் உடைந்தே தெரிகிறது.
கும்பகோணத்தில் திறப்பவருக்கு
முழுசாய்த் தெரிகிறதாம்.
இரண்டு தரம் போன் போட்டுக் கேட்டுவிட்டேன்.

மெஹருன்னிசா ஷிப்டில் அதே கோப்பு
நானோவில் திறக்கிறது.
ராத்திரி நடந்ததைச் சொன்னேன்.
"அந்த நம்பரை நான்னா
முதல்ல நோட்டுல எழுதியிருப்பேன்" என்றாள்.
பதில் இல்லை என்னிடம்.

ஐந்து மணிக்கு ஏழு நிமிஷம்.
கோலன், டபிள்யூ, கியூ.
டார்ச், குடை, இப்போதெல்லாம்
ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு
அளவுகோல் பார்க்கப் படியிறங்குகிறேன்.