அம்புக்குறி

ஏ.வி. பாலத்தில் ஏறியதும்
முதலில் ஒரு விக்கல்.
பிறகு ரெண்டு.
அப்புறம், சொல்ல வந்ததை மறந்தவன் மாதிரி
வண்டி நின்றுவிட்டது.

பின்தட்டில் ஒன்பது பார் ஐஸ்
உமிக்குள், சாக்குக்குள்.
பத்தரைக்குள் விளக்குத்தூணில் இறக்கணும்,
பதினொன்றுக்கு வந்தால் திருப்பிக் கொண்டுபோ
என்று குபேந்திரன் சொல்லித்தான் அனுப்பினார்.
கத்திரி பிறந்து நாலாம் நாள்.
கீழே வைகையில் கோரையும் எருமையும்.
பாலத்தில் சொட்டுகிற ஒரே தண்ணீர்
என் வண்டியுடையது.
ஒரு நாய் வந்து நக்க ஆரம்பித்தது.

முன்பாதி யாரோ ஓட்டித் தள்ளிய பைக்.
பின்பாதி செல்லூர்ப் பட்டறையில் அடித்த தட்டு.
நடுவில் வெல்டிங் தழும்பு.
எந்தப் பாதி மக்கர் செய்கிறது என்று
சத்தத்திலேயே தெரியும் எனக்கு.
இது தொண்டை.
டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஃபில்டர்,
உள்ளே விசிறி மடிப்பாய்க் காகிதம்.
வெள்ளையாய் இருக்கவேண்டியது
வெந்த கருப்பட்டி நிறத்தில் இருந்தது.

சீட்டுக்கடியில் புதுசு ரெண்டு இருக்கிறது, ஒன்று முப்பத்தைந்து ரூபாய்.
இல்லாதது இன்னொரு கை.
டேங்க் குழாய் மூடாது. டியூபைக் கழற்றினால்
பெட்ரோல் முழுக்கத் தார் ரோட்டுக்கு.

‘ஏம்மா, வண்டிய எடும்மா, எங்கிட்டு நிப்பாட்டிருக்க பாரு!’
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
ஒரு போலீஸ்காரர். சட்டைமுதுகு முழுக்க உப்புக்கோடு.
சட்டைப் பெயர் காசிமாயன்.
‘எடுக்கத்தான் சார் போறேன்.
இந்த டியூபைக் கொஞ்சம் நசுக்கிப் புடிங்க.’
என்ன நினைத்தாரோ
குனிந்து பிடித்துவிட்டார்.

கிளிப்பை நெம்பினேன். பழசு கழன்று வந்தது.
என் மணிக்கட்டில் நாலு சொட்டு, ஐஸைவிடக் குளிர்ச்சியாய்.
உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினால்
துரு, துருவோடு சேறு,
ஒரு வேப்பம்பூக் காம்பு.

‘டேங்குக்குள்ள எப்படிம்மா இம்புட்டு மண்ணு?’
‘உங்க ஸ்டேஷன் மண்ணு சார்.’

புரட்டாசியில் பிடித்தார்கள்.
மூன்று சக்கரத்துக்கு மோட்டார் வைத்தது குற்றம்.
பங்குனி வரைக்கும் காம்பவுண்டு ஓரம் கிடந்தது.
பெட்ரோல் மூடியை எவனோ கழற்றிப் போய்விட்டான்.
ஐப்பசி முழுக்க மழை அந்த ஓட்டை வழியாக இறங்கியது,
கார்த்திகையிலும்.
விட்டபோது கேட்டதெல்லாம் கட்டினேன்.

‘எம்புட்டு கட்டுன?’
‘ஏழாயிரம். ரசீது நாலாயிரத்துக்கு.’

அவர் ஆற்றைப் பார்த்தார்.
ஆற்றில் பார்க்க எதுவும் இல்லை.
விரலை மட்டும் எடுக்கவில்லை.

புது ஃபில்டரின் வயிற்றில் ஒரு அம்புக்குறி.
அது கார்புரேட்டரைப் பார்க்கணும்.
முதல் தடவை தலைகீழாய் மாட்டி
அரசரடி வரைக்கும் போய்த் திரும்பத் தள்ளிவந்தேன்.
வெயிலில் கண் கூச, ரெண்டு தரம் திருப்பிப் பார்த்து மாட்டினேன்.
‘இப்ப விடுங்க சார். மெதுவா.’
காகித மடிப்பில் பெட்ரோல் ஏறியது,
திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி.

பழசை அவர் ஆற்றில் வீசப் போனார்.
‘குடுங்க’ என்று வாங்கி
டூல்ஸ் டப்பாவில் போட்டேன்.
உள்ளே ஏற்கனவே மூன்று கிடக்கிறது.
முதலாவது காப்பித்தூள் மாதிரி இருந்தது.
ஒவ்வொன்றும் ஒரு பிடி வெளுப்பு.
இன்னும் எத்தனை என்று
டேங்குக்குத்தான் தெரியும்.

ஸ்டார்ட் ஆகும்வரை பதினோரு உதை.
ஐஸில் ஒரு மூலையை ஸ்பானரால் தட்டி உடைத்து நீட்டினேன்.
வேண்டாம் என்றார். பிறகு வாங்கி
பிடரியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சிம்மக்கல் பக்கம் திரும்பும்முன்
என் ஒற்றைக் கண்ணாடியில் பார்த்தேன்:
நாய் ஈரத்தைத் தேடி அதே இடத்தில் சுற்ற,
அவர் பாலத்தின் நடுவில் நின்று
தன் விரலை
முகர்ந்துகொண்டிருந்தார்.